ஏழரை மில்லியும் எழுபத்தைந்து மில்லியும்

நர்ஸிங் மாணவிகளுக்கு மருந்துக் கணக்கு சொல்லித்தருகிறவளுக்கு நாற்காலி உண்டு, அதில் உட்காரத்தான் மனசு வராது. டெல்லியில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் பதினாறு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. நோயாளியின் எடை, டாக்டர் எழுதிய அளவு, பாட்டிலில் இருக்கும் மருந்தின் அளவு, இந்த மூன்றையும் வைத்து எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். நீங்களும் கணக்கு வாத்தியார் என்றால், அல்லது வீட்டில் ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்து வாய்ப்பாடு கேட்டவர் என்றால், இந்தப் ‘போதும்’ எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அரை மாத்திரை

போன வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பு. போர்டில் எழுதினேன்: மாத்திரை 500 மில்லிகிராம், டாக்டர் சொன்னது 250 மில்லிகிராம், எத்தனை மாத்திரை கொடுப்பீர்கள்? திரும்பிப் பார்த்தால் நாற்பது தலைகளும் குனிந்திருந்தன. வெட்கத்தில் குனிந்தவை அல்ல. நாற்பது கைகளும் பெஞ்சுக்கு அடியில் போனைத் தேடிக்கொண்டிருந்தன.

முன் பெஞ்சில் இருந்த பூனம் முதலில் எழுந்து, “பாயின்ட் ஃபைவ், மேம்” என்றாள். ஹரியானாவில் ரோத்தக் பக்கத்துப் பெண், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். “இதற்குப் போன் வேண்டுமா?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் ஹிந்தியில் சொன்னாள்: “அரை என்றுதான் மேம் எனக்கும் தோன்றியது. தோன்றியதை எழுதலாமா என்று தெரியவில்லை.”

இரண்டாவது பாட்டில்

மூன்று மாதம் கழித்து அவர்களைக் குழந்தைகள் வார்டுக்கு அழைத்துப் போனேன். காய்ச்சலோடு ஒரு குழந்தை, பன்னிரண்டு கிலோ. ஒரு கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் வீதம் காய்ச்சல் மருந்து. சிரப்பில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. விடை ஏழரை மில்லி. கணக்கு நிவேதாவுக்குப் போயிற்று. நிவேதா சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். பேச்சு தமிழ், எழுத்து ஹிந்தி, எண்ணுவது இங்கிலீஷில்.

நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருந்தேன். கீழே மருந்து கவுன்ட்டரிலிருந்து போன் வந்தது. அங்கே இருக்கிற வயசான பார்மஸிஸ்ட் எதையும் அலுங்காமல் பேசுகிறவர். “மேடம்ஜி, உங்கள் பெண் ஒரு வேளை மருந்துக்கு ரெண்டு பாட்டில் கேட்கிறாள். உள்ளே எத்தனை குழந்தைகள்?” என்றார். நான் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. நிவேதா கையில் முதல் பாட்டிலோடு அமைதியாக நின்றிருந்தாள். பாட்டிலில் இருப்பதே அறுபது மில்லிதான். போனில் எழுபத்தைந்து வந்திருந்ததால் இன்னொன்று கேட்டிருக்கிறாள். நூற்றிருபதால் வகுக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டால் வகுத்திருந்தாள். ஒரு பூஜ்யம் விரலில் அழுந்தவில்லை, அவ்வளவுதான்.

அந்த மருந்தை நர்ஸ் சரிபார்க்காமல் கொடுத்திருக்க முடியாது, அது வேறு விஷயம். ஆனாலும் அவளை அங்கேயே நிறுத்தினேன். “ஒரு ஸ்பூன் அஞ்சு மில்லி. எழுபத்தஞ்சு மில்லின்னா எத்தனை ஸ்பூன்?” என்று கேட்டேன். வாய்க்குள் முணுமுணுத்தாள். பாட்டிலைக் கவுன்ட்டரில் வைத்தாள், ஏதோ சுட்டது மாதிரி.

“பதினஞ்சு ஸ்பூன்னு வந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும் மேம். எழுபத்தஞ்சுன்னு சும்மா ஒரு நம்பரா வந்துச்சு.”

பிஸ்கட் டப்பா

மறுநாளிலிருந்து என் வகுப்பில் கால்குலேட்டர் கிடையாது, போன் கிடையாது. வாசலில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வைத்தேன். எல்லாம் அதில் போய்விட வேண்டும். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பத்துக் கணக்கு, பத்து நிமிஷம், மனசிலேயே போட வேண்டும். நான் பெஞ்சுகளுக்கு நடுவே மேலும் கீழும் நடப்பேன். யாராவது விரல் விட்டு எண்ணுகிறார்களா என்று பார்ப்பேன். “ஜல்தி, ஜல்தி” என்பேன். நோயாளி காத்திருப்பானா என்பேன். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்களும் ஒருநாள் அந்தப் படியில் ஓடியிருந்தால் என்னைவிட மோசமாக நடந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டு வாரத்தில் பாதிப் பேர் தேறிவிட்டார்கள். பூனம் மட்டும் தேறவில்லை. நோட்டைப் பார்த்தால் முதல் கணக்கை நாலு தடவை போட்டிருப்பாள். நாலு தடவையும் விடை சரி, நாலையும் அடித்திருப்பாள். மற்ற ஒன்பதும் வெறுமையாக இருக்கும். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, உனக்கு என்னதான் கஷ்டம் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்கள் நடப்பதை நிறுத்தினால் எனக்குக் கணக்கு வரும், மேம்.”

சரோஜினி நகரில் ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை மார்க்கெட்டில் ஸ்வெட்டர் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். “நீங்க நிவேதாவோட மேடம்தானே?” என்று ஒரு குரல். நிவேதாவின் அம்மா. மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஊர் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகும் அந்த அம்மா நகரவில்லை. சுற்றிலும் இடித்துக்கொண்டு போகிற கூட்டம். கடைக்காரன் வேறு “எடுங்க, இல்லாட்டி வழி விடுங்க” என்கிறான்.

“உங்க கிளாஸ் இருக்கிற அன்னிக்கு அவ காலையில சாப்பிடுறதில்ல” என்றார். நான் எழுபத்தைந்து மில்லி கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். “தெரியும். அன்னைக்கே வந்து சொல்லி அழுதா” என்றார். எனக்கு அது தெரியாது. அவள் அழுவாள் என்றே நான் நினைத்திருக்கவில்லை. ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். கண்டிப்பு இல்லாவிட்டால் எப்படி என்கிற மாதிரி ஏதோ. அந்த அம்மா கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்தப் பிள்ளைய நெனச்சு ஒரு நாள் பயந்தா மேடம். இப்ப உங்கள நெனச்சுத்தான் பயப்படுறா.”

நான் ஸ்வெட்டர் எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

முப்பது சொட்டு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பல தடவை யோசித்தேன். விட்டால் மேலே சொன்னதற்கெல்லாம் அர்த்தமில்லாமல் போகும்.

குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்கோடு ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை. இருநூற்று நாற்பது மில்லி டிரிப்ஸ், எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். மணிக்கு முப்பது மில்லி. குழந்தைகளுக்கு நாங்கள் போடுகிற டியூபில் சொட்டு மிகச் சின்னதாக விழும், அறுபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. கணக்கே வேண்டாம். கட்டில் அருகே போவதற்குள் விடை வந்துவிட்டது. “நிமிஷத்துக்கு முப்பது சொட்டு” என்றேன். வார்டு பொறுப்பிலிருந்த சிஸ்டர் கமலேஷ் டியூபில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற உருளையில் கை வைத்தார்.

“பத்து, மேம்” என்றாள் நிவேதா. ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து சின்னக் கால்குலேட்டரை எடுத்திருந்தாள். டப்பாவுக்குத் தப்பியது. எனக்குச் சுருக்கென்றது. “முப்பது. அதை உள்ளே வை” என்றேன். அவள் வைக்கவில்லை. இன்னொரு கையில் டியூப் வந்த பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதை என் பக்கம் நீட்டினாள். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று அச்சடித்திருந்தது. அன்றைக்கு ஸ்டோரில் சின்னச் சொட்டு டியூப் தீர்ந்துபோய்ப் பெரியவர்களுக்குப் போடுகிற சாதாரண டியூப் வந்திருக்கிறது. முப்பது சொட்டு விட்டிருந்தால் எட்டு மணி நேரத் தண்ணீர் மூன்று மணி நேரத்துக்குள் அந்தச் சின்ன உடம்பில் இறங்கியிருக்கும்.

சிஸ்டர் கமலேஷ் உருளையைப் பத்துக்குத் திருப்பினார். குழந்தையின் அம்மா “என்ன ஆச்சு?” என்று ஹிந்தியில் கேட்டாள். “ஒன்றும் ஆகவில்லை” என்றேன். அது உண்மைதான். பிறகு வார்டு ரிஜிஸ்டரில் நடந்ததை என் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். மாணவிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் நிவேதாவைக் கூப்பிட்டு, கவரைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். பாராட்டு வாங்குகிற முகமாகவே இல்லை, இன்னும் திட்டு விழும் என்று நிற்கிற மாதிரிதான் நின்றாள்.

“எனக்கு உங்கள மாதிரி டக்னு வராது மேம். மெஷின்ல போடுறதுக்கு ஒரு நம்பர் வேணும்ல, அதுக்காகத்தான் கவரைப் பாத்தேன்.”

பம்ப்

அந்த வாரம் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. மெட்ரோவில் சீட் கிடைத்தும் நின்றேன். ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த நாத்தனாரைப் பார்க்க ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறார், என் கண் அவர் தலைக்கு மேலே சொட்டுகிற டிரிப்ஸிலேயே இருக்கிறது. வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். திருப்தியில்லாமல் இன்னொரு நிமிஷம் எண்ணினேன். உள்ளே வந்த சின்ன வயது நர்ஸ் என்னைக் கவனித்துவிட்டு, டியூப் கோத்திருந்த பெட்டியைக் காட்டிப் பரிவோடு சொன்னாள்: “அது பம்ப், ஆன்ட்டி. அதுவே எண்ணிக்கொள்ளும். நீங்கள் உட்காருங்கள்.”

மூன்று கட்டம்

பிஸ்கட் டப்பா இப்போது ஸ்டாஃப் ரூமில் இருக்கிறது, உள்ளே பிஸ்கட். மாணவிகள் ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று கட்டம் போடுகிறார்கள். முதல் கட்டத்தில் சுமாராக எவ்வளவு வரும் என்ற ஊகம், ஸ்பூனிலோ சொட்டிலோ. இரண்டாவதில் லேபிளில் அச்சடித்திருப்பது. மூன்றாவதில்தான் மெஷின் சொல்வது. ஊகமும் மெஷினும் ஒத்துப்போகாவிட்டால் கையை உயர்த்த வேண்டும். பூனமுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினேன். அவள் இப்போது பத்தில் எட்டு போடுகிறாள், அடிப்பதும் குறைந்திருக்கிறது.

இந்த முறை வார்டிலும் நடக்கட்டும் என்று சிஸ்டர் கமலேஷிடம் கேட்கப் போனேன். அவர் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். “அச்சா” என்றார். பிறகு பேனாவை எடுத்து அடியில் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அது எதற்கு என்று கேட்டேன்.

“நீங்கள் சொல்வதை எழுத.”

பதினாறு வருஷ சர்வீஸில் நான் கண்டது இவ்வளவுதான்: மெஷினை நம்புகிறவளைத் திருத்திவிடலாம், தன்னை நம்புகிறவளைத் திருத்தத்தான் முதல் வருஷ மாணவி ஒருத்தி வேண்டியிருக்கிறது.