வியாழக்கிழமை மொழிபெயர்ப்பாளர்

பலெர்மோவில் வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் விடுமுறை. ஞாயிறும் விடுமுறைதான். ஆனால் ஞாயிறு பூசைக்கும் சொந்தக்காரருக்கும் ஊருக்குத் தொலைபேசி எடுப்பதற்கும் போய்விடும். நமக்கென்று மிஞ்சுவது வியாழன் மட்டுமே. அது தெரிந்துதான் நகரின் கால்சாப் பகுதியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் வெளிநாட்டுப் பெண்களுக்கான வகுப்பையும் வியாழக்கிழமையிலேயே வைத்திருந்தார்கள். அங்கே படித்து ஜூன் மாதச் சோதனையில் தேறினால் நடுநிலைப் பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தால், எனக்கென்று ஒரு அறை எடுத்து, அதன் கதவை என் திறப்பால் நானே திறக்கலாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

நான் தங்கி வேலை செய்த வீட்டின் எசமானி, சிஞ்ஞோரா, கெட்டவர் இல்லை. அதுதான் என் பிடரியில் இருந்த பாரம். கெட்டவர் என்றால் மனதுக்குள் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் என் பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கித் தருவார், காய்ச்சல் வந்தால் தலையணைக்கு அருகில் வந்து நிற்பார். நான் இத்தாலியில் தங்குவதற்கான அனுமதிப் பத்திரமான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் அவரே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போவார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் இத்தாலியில் எனக்கு இடமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

சிஞ்ஞோராவும் அவருடைய சிநேகிதிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கானாவின் வடக்கில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தோடு அது கைகோத்திருந்தது. கூட்டம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடக்கும். முன்பெல்லாம் புதன்கிழமை. அந்த வசந்தகாலத்தில் பள்ளியின் தலைமையாசிரியையே ஒரு பயிற்சிக்காகப் பலெர்மோவுக்கு வந்து கன்னியர் மடமொன்றில் தங்கினார். அவருக்கு ஓய்வு வியாழக்கிழமை மட்டும்தான். கூட்டமும் வியாழனுக்கு மாறியது.

முதல் வியாழன், கோப்பியை வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிடலாம் என்று சப்பாத்தைக் கூடப் போட்டுக்கொண்டு நின்றேன். மொழிபெயர்க்க வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை. சங்கத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது, தலைமையாசிரியைக்கு இத்தாலியன் தெரியாது. ஆளை ஆள் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். நான் கோப்பையை நீட்டியபோது, சீனி போட்டிருக்கிறதா என்று தலைமையாசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். யாழ்ப்பாணத்துக் கொன்வென்ற் படிப்பு சும்மா இருக்குமா? போடவில்லை, தேவையென்றால் கொண்டுவருகிறேன் என்று முழு வசனமாகப் பதில் சொல்லிவிட்டேன். கதிரை வாய் திறந்து பேசியதுபோல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கென்ன விசரே?" என்று ஞாயிறு பூசை முடிந்து கேட்டார் மன்னாரக்கா. என்னோடு அதே வகுப்பில் படித்தவர், கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை. "ஏன் வாயைத் துறந்தனி? தலையை ஆட்டிப்போட்டு வெளிக்கிட்டு வந்திருக்கலாமே. இனி உன்னை விடமாட்டா, பார்."

விடவில்லைத்தான். வியாழன் தோறும் வெல்வெட் கதிரை ஒன்றை இழுத்து, தலைமையாசிரியைக்கும் சிஞ்ஞோராவுக்கும் நடுவில் என்னை இருத்தினார்கள். பேச்சு நின்றதும் எழுந்து போய்க் கோப்பி போடுவேன், வந்து திரும்பவும் இருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பின்னல் வேலை செய்த சட்டைகளை அனுப்பலாம் என்று இவர்கள் பூரிப்பார்கள். "சட்டை இருக்கிறது. தூரத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி வேண்டும், உள்ளே பூட்டக்கூடிய மலசலகூடம் வேண்டும். எங்களைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அதுதான் கூட்டு" என்பார் அவர். அதை இத்தாலியனில் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். ஆனால் மணிக்கூடு மூன்றைத் தாண்டும்போது என் கண் அதிலேயே நிற்கும். கால்சாவில் வகுப்புத் தொடங்கியிருக்கும்.

மே மாதம் மன்னாரக்கா செய்தி கொண்டு வந்தார். "ரீச்சர் சொல்லிவிட்டவா. வாற வியாழனும் வராட்டி உன்ர பேரைச் சோதனைக்கு அனுப்பமாட்டினமாம்."

வியாழன் வகுப்புக்கு விடச் சொல்லிச் சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அவர் என் கன்னத்தைத் தடவினார். "இன்னும் கொஞ்ச நாள்தானே. அந்தப் பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்? அடுத்த வருசம் எழுதலாம்" என்றார். அந்தப் பிள்ளைகளுக்கு எதிராக எந்த வாயால் நான் வழக்காடுவது? போய்ப் பாத்திரம் கழுவினேன். அடக்கிய கோபத்தில் ஒரு கோப்பையின் காது கையோடு வந்தது.

அந்த வியாழனும் வந்தது. இரண்டு மணிக்கே நடுக்கதிரையில் இருந்தேன். எந்தப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஒரு சிநேகிதி கேட்டார். தலைமையாசிரியை யோசிக்காமலே சொன்னார்: "கெட்டிக்காரிகளைத்தான் முதலில் மறிக்கிறார்கள். தண்ணீர் அள்ளுவது, தம்பி தங்கையைப் பார்ப்பது, எல்லாம் அவளால்தான் ஓடுகிறது. தாய்க்கு அவள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவளைப் பள்ளிக்கு விட்டால் வீடு நின்றுவிடும்."

இத்தாலியனில் சொன்னேன். சொல்லி முடித்த இடத்தில் நான் நிற்கவில்லை. அதே குரலில், அதே மூச்சில் தொடர்ந்தேன்: "இந்த வீட்டிலையும் ஒரு பிள்ளை வியாழக்கிழமை வகுப்புக்குப் போகேலாமல் நிக்கிறாள். அவளை எப்ப விடப்போறீங்கள் எண்டு கேக்கிறா."

என் குரல் நடுங்கவில்லை. கேட்டது நான் இல்லையே, தலைமையாசிரியைதானே.

சிஞ்ஞோரா கோபப்படவில்லை. பாவாடையை நீவிக்கொண்டு, விருந்தாளியைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அவவுக்குச் சொல்லு. இவள் எங்களுக்கு வீட்டுப்பிள்ளை மாதிரித்தான், ஆனால் வேலைக்கு வந்தவள். அங்கை இருக்கிற பிள்ளையளின்ர கதை வேறை. அதோடை இதைச் சேர்க்கக் கூடாது. சொல்லு."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தலைமையாசிரியையும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பாவம், அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்கவே இல்லை. உள்ளதை எல்லாம் ஆங்கிலத்தில் கொட்டியிருக்கலாம். அந்த மனுசி எனக்காகக் கொதித்து எழுந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாத முடிவில் அவர் ஊருக்குப் போய்விடுவார். என் பெர்மெஸ்ஸோ முடிவதும் அதே மாத முடிவில்தான்.

"நீங்கள் சொல்வது முழுக்க உண்மை என்கிறார் சிஞ்ஞோரா" என்றேன் ஆங்கிலத்தில்.

தலைமையாசிரியையின் கண் கலங்கிவிட்டது. எழுந்து என்னைக் கடந்து போய்ச் சிஞ்ஞோராவைக் கட்டிப்பிடித்தார். சிநேகிதிகள் கைதட்டினார்கள். அவருடைய தோளுக்கு மேலால் சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியோ, அவவுக்கும் விளங்கீட்டுது" என்றார் என்னிடம்.

தலைமையாசிரியை தன் இடத்துக்கு வந்து இருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், விடுதியைப் பற்றி அடுத்த வசனத்தைத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன்.