ரெங்கத்தில் ஒரு மோட்ச விசாரணை

மலாயாவில், ரெங்கம் நிலையத்தில் எங்கள் ரயில் நிற்கிறது. ஜப்பான் ராணுவ வண்டி போன பிறகுதான் புறப்படுமாம். என் எதிரே சிங்கப்பூர்த் துணி வியாபாரி, வயதான யூதர். கையில், யூதர் என்று காட்ட ஜப்பான்காரன் கட்டச் சொன்ன பட்டை. ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்களுக்குத் துணி விற்றே தமிழ் கற்றவர். ஜன்னலில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கிறாள் மரியா. கிழங்கை வாங்கியதும் அவர் ஏதோ முணுமுணுக்கிறார். அவரைத் 'தவுக்கே', முதலாளி, என்று அழைத்துக் கேட்கிறாள் மரியா.

"செபமா தவுக்கே? நீங்க எந்த வேதம்?"

"யூதர்மா."

"அப்ப உங்களையே கேக்கறேன். எங்க வீட்டுக்காரரு ஞானஸ்நானம் வாங்கல. ஜப்பான்காரன் பிடிச்சுட்டுப் போயி, சயாம் ரயில் பாதை போடற வேலையில செத்துட்டாரு. அவருக்கு மோட்சம் இல்லைங்கிறாரு எங்க உபதேசியாரு. உங்கள்ல எப்படி?"

"எங்கள்ல சேரணும்னு இல்ல. நல்லவங்க எல்லாருக்கும் இடம் உண்டு. ஆனா அங்க என்ன இருக்குன்னு யாரும் பாத்துட்டு வந்து சொல்லல."

"அலமாக்! எங்க சாமி மூணா நாளு எந்திரிச்சு வந்தாரே! அவரு உங்க ஆளுதான். நீங்கதான் நம்பல."

பெட்டியே சிரிக்கிறது. அவரும் தாடியைத் தடவியபடி சிரிக்கிறார்.

"சரி, கெட்டவங்களுக்கு?"

"நரகம். அதுவும் பன்னெண்டு மாசத்துக்கு மேல இல்ல."

மரியா கிழங்குக் கூடையைக் கீழே இறக்கி வைக்கிறாள். "அவரு சயாம்ல பதினாலு மாசம் இருந்தாரு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கிழவர் எழுந்து நிற்கிறார். "பேரைச் சொல்லும்மா. நான் வேண்டிக்கறேன்."

"முருகையா."

"முருகாயா."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ராணுவ வண்டி கடந்துபோக, எங்கள் வண்டியும் நகர்கிறது. மரியா கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோடு ஓடி வருகிறாள்.

"காயா இல்ல, கையா! சரியா சொல்லுங்க தவுக்கே, வேற யாரையாச்சும் உள்ள விட்டுடப் போறாங்க!"