மாலை போட்ட கம்ப்யூட்டர்

பாளையங்கோட்டையில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. கேம் விளையாடும் ஆசையில், பாகங்களை வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தினேன். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வசதியில்லை. கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த பிராசஸராகப் பார்த்து வாங்கி, கார்டு செருகும் இடத்தைப் பிற்பாட்டுக்கென்று காலியாக விட்டேன். எங்கள் ஊர் வெக்கைக்குப் பயந்து பக்கவாட்டு மூடியை மாட்டவேயில்லை.

நானும் மனைவியும் கேமில் போட்டி போட்டுக் கார் ஓட்டினோம். ஆயுத பூஜைக்கு மறுநாள், ஆட்டத்தின் நடுவே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மறுபடி போட்டாலும் சற்று நேரத்தில் அணைந்தது.

“ஏலே, தனி கார்டு இல்லாம கேம் ஓடாதுன்னு அப்பமே சொன்னேம்லா” என்றான், போனில் விவரம் கேட்ட நண்பன். பிராசஸர் கருகிவிட்டதென்றே நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால், பிராசஸர் மேலிருந்த விசிறிக்குள் செவ்வந்தி இதழ்கள்! பூஜைக்கு மனைவி போட்ட மாலையிலிருந்து உதிர்ந்தவை. விசிறி சுற்றாததால் சூடேறி, தானாக அணைந்து தப்பித்திருக்கிறது. இதழ்களை எடுத்ததும் பழையபடி ஓடியது.

இப்போது மூடி போட்டுத்தான் விளையாடுகிறோம். மாலை கிடையாது; மூடிமேல் ஒரு சந்தனப் பொட்டு மட்டும்.

“கார்டு வாங்குத அன்னைக்கு மூடியத் திறப்பீங்கள்லா, அப்ப உள்ளயும் ஒரு பொட்டு வைக்கேன்” என்கிறாள் மனைவி.

காசு சேர்ந்ததும் கார்டு வாங்கத் தயார். பொட்டுக்குத்தான் இன்னும் நான் சம்மதிக்கவில்லை.