ஏழாவது ஊரில் இஞ்ஞாசிமுத்து சார்

முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் நின்று, "இறங்கலாமா?" என்று எங்கள் ஹெட்மாஸ்டர் இஞ்ஞாசிமுத்து சாரிடம் கேட்டுவிட்டுத்தான் கம்பம் பக்கம் வரும். சூரியனும் அப்படித்தான். அவர் பள்ளிக்கூடத்து மணி கேட்காமல் மலையில் வெயில் படாது.

அந்த மணியை ஒரு வருஷம் அடித்தவன் நான். போடி ரயிலுக்குப் போட்டதில் மிஞ்சிய தண்டவாளத் துண்டுதான் மணி. அடிக்க ஓர் இரும்புக் கம்பி. அதன் பிசிறு குத்திக் குத்தி என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஐந்தாம் வகுப்பில் மூன்றாம் வருஷம் உட்கார்ந்திருந்தவனுக்கு வேறு பெருமை ஏது? அடித்து முடித்ததும் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

பதினைந்து வருஷ உத்தியோகத்தில் ஆறு ஊர் பார்த்தவர் அவர். ஓர் ஊரில் சேரிப் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே பாயில் உட்காரவைத்தார், மாற்றல். இன்னோர் ஊரில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்ப் பானை வைத்தார், மாற்றல். சின்னமனூர் பக்கம் எங்கள் ஊருக்கு 1936இல் வந்தும் திருந்தவில்லை. ஆஜர் புத்தக வரிசைப்படி வாரம் ஒருவர் மணியடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதல் முறை கருத்தம்மாளுக்கு. சேரியிலிருந்து வரும் ஒரே பெண்பிள்ளை.

எனக்கு வயிறு எரிந்தது. எல்லாரும் சமம் என்றால் நான் எதற்கு? சார் அவள் சிலேட்டைப் பார்த்து, எனக்கு ஆட்டிய அதே தலையை அவளுக்கும் ஆட்டினார். ஒரு மயிரிழைகூடக் குறைவில்லை. கவனித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பியைக் கொண்டுபோய் வாழைத்தோப்பில் செருகினேன்.

மறுநாள் வாசலில் ஊர்த் தலைமை பார்க்கும் அம்பலம் வீரணன் நாலு பேரோடு நின்றார்.

"இவ மணியடிச்சு எங்க பிள்ளைக உள்ள வரணுமாக்கும்? கம்பியக் காணோமாமே. பத்து மணிக்கு மணி கேக்கலைன்னா, பள்ளிக்கூடம் நடத்தத் துப்பில்லைன்னு ஜில்லா போர்டுக்கு எழுதிப் போட்டுருவோம் வாத்தியாரே. எட்டாவது ஊரு பாத்துக்கிருங்க."

"கேக்கும் அம்பலம். அது அவ முறை."

தேடியும் கம்பி கிடைக்கவில்லை. கருத்தம்மாள் ஒரு கல்லை எடுத்துத் தண்டவாளத்தில் தட்டினாள்.

"ஏலே, வெள்ளாட்டுக்குட்டி கழுத்து மணி கேக்குது போல!" என்றான் ஒருவன். சிரித்தார்கள். அவள் அழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள், விரல் நசுங்கியது. சாருடைய டிரங்குப் பெட்டி அறை மூலையில் எப்போதும் கயிறு கட்டியே இருக்கும். அவர் திரும்பி அதைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஓடினேன்.

கம்பியோடு வந்து அவளிடம் நீட்டினேன். பத்தடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. அடித்தாள். என்னைவிட நன்றாக அடித்தாள், சனியன். வீரணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

"எங்கன இருந்துச்சு தவசி?" என்றார் சார்.

"வாழைத்தோப்புல சார். காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"இம்புட்டுக் கனத்தையா?"

"மேகமலைக் காக்கா சார். பெரிய ஆளுக. நேத்துத்தேன் எறங்கி வந்தாக."

சார் கம்பியை வாங்கித் திருப்பினார். பிடிக்கிற முனையில், பிசிறு குத்தும் இடத்தில், கட்டம் போட்ட துணி இறுக்கிச் சுற்றியிருந்தது.

"இதையும் அவுகதேன் சுத்துனாகளாக்கும்?" என்று என் இடுப்புப் பக்கம் பார்த்தார். "ஒன் சட்டையில பாதியக் காணோமேலே."