எண்ணிக்கையில் ஏறாத பென்டிரைவ்

லினக்ஸ் கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய ஒரு சின்ன மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவருகிறேன். எழுதியதும் நான்தான், பழுது பார்ப்பதும் நான்தான், ஏச்சு வாங்குவதும் நான்தான். அதை நிறுவ மட்டும் ஐந்து வழிகள் வைத்திருந்தேன். ஒருவருக்கு ஒரு தடவை இறக்கி வைத்தால் இணையமில்லாமலே நிறுவிக்கொள்ளும் டெப் பைல் வேண்டும், இன்னொருவருக்கு இணையத்திலிருந்து நேரே ஏறும் பிளாட்பேக், வேறொருவருக்கு மூல நிரலைத் தன் கையால் கட்டினால்தான் சோறு இறங்கும். நான் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் ஐந்தையும் மறுபடி கட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹட்டனில் கடை வேலை முடிந்து, மழையில் நனைந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறி வந்த பிறகு இந்தக் கூத்து.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. இனிமேல் பிளாட்பேக் மட்டும் என்று தளத்தில் போட்டேன். எந்த லினக்ஸிலும் ஓடும், எனக்கும் ஒரே வேலை. பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். டெப் பைலை இறக்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய பைல்களையும் துடைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதியைத் தங்கச்சிதான் கெடுத்தாள். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் கணினி டீச்சர். நான் லீவில் இருந்த ஒரு காலையில் கூப்பிட்டாள்.

"அக்கா, கல்வி ஆபீஸ்லருந்து வந்து மெசின் எல்லாத்துலயும் லினக்ஸ அழிச்சுப் புதுசா போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒன் கீபோர்டு ஒன்னுலயும் இல்ல. நாளைக்குக் காலையில புள்ளைங்களுக்குத் தமிழ் டைப்பிங் பரீட்ச."

"ஒரு வரி கமாண்ட் அடி, தானா எறங்கி ஏறிரும்."

"எங்க எறங்குது? தண்ணித் தாங்கிகிட்ட நின்னாத்தான் சிக்னலு. பாதியில அறுந்துருது. என் பென்டிரைவும் கெட்டுப்போச்சு. சைட்டுல அந்த டெப்பு எங்க?"

"எடுத்துட்டேன். யாரும் எறக்குறதில்ல."

"யாரும் எறக்குறதில்லையா? டவுனுக்கு வர்றப்ப நான் ஒருத்தி எறக்கி, பென்டிரைவுல போட்டு, இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் பூராவுக்கும் குடுக்குறேன். எங்களையெல்லாம் எந்தக் கணக்குல வச்ச?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது. திரும்ப எடுத்தேன், போகவில்லை. அங்கே மழை பிடித்தால் இப்படித்தான்.

இனி பஸ்தான் ஒரே வழி. எங்கள் பக்கம் மருந்து, கண்ணாடி, மறந்துபோன சாவி எல்லாம் கண்டக்டர் கையில்தான் போகும். ஆனால் பகல் பஸ்ஸை விட்டால், அடுத்தது போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். பிள்ளைகள் காலையில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

டெப் பைலைக் கட்ட ஆரம்பித்தேன். நடுவில் நின்றது. புதிய லினக்ஸில் என் மென்பொருளுக்குத் தேவையான ஒரு துணைப் பொதியின் பெயரை மாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் போட்டிருப்பது பழைய லினக்ஸா புதியதா என்று கேட்கவும் வழியில்லை. யாரோ எதையோ மாற்ற, அதற்கும் நான்தானா ஓட வேண்டும் என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டினேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஹட்டன் ஸ்டாண்டில் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வளைவில் ஹார்ன் அடித்து, கணினி டீச்சரிடம் கொடுக்கும்படி கண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். தங்கச்சிக்கு நான் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. ஹார்ன் எதற்கு என்று அவளுக்குத் தெரியுமா?

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது.

"ஒன்னு ஏறல. மத்தது ஏறிருச்சு. எல்லா மெசின்லயும் தமிழ் வந்துருச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க, "பென்டிரைவப் பத்திரமா வை" என்று அதட்டினேன்.

"அது இங்க இல்லயே. மேல் தோட்டத்துப் பள்ளிக்கூட சார் கையோட வாங்கிட்டுப் போயிட்டாரு. அவங்களுக்கும் நாளைக்குத்தான் பரீட்ச."

அன்றே டெப் பைலைத் தளத்தில் திரும்ப ஏற்றினேன். பிளாட்பேக்கோடு இரண்டே வழி, மற்ற மூன்றும் வராது என்று எழுதினேன். இது பயனர் சுதந்திரத்துக்கு எதிரானது என்று ஒருவர் உடனே சண்டைக்கு வந்தார். வரட்டும்.

மறுநாள் பரீட்சை முடியும் நேரத்துக்குத் தளத்தைத் திறந்து பார்த்தேன். டெப் பைலுக்கு எதிரே பதிவிறக்கம் பூஜ்யம் என்றுதான் இருந்தது.