அப்பா பெயருக்கு வந்த நினைவூட்டல்

மலேசியாவின் பத்தாங் காலியில் எங்கள் தேவாலய நூலகத்துக்குள் மழைக்கு ஒதுங்கியவர் அவர். நெற்றியில் ஹெல்மெட் தடம். ஈரம் காய்ந்த பிறகும், நூலகக் கணினியைத் தொடும் முன்பெல்லாம் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஓர் அக்கா அழுதுகொண்டே வந்தார். அவர் கைப்பேசியில், "அன்புள்ள சவரிமுத்து, புத்தகத்தைத் திருப்பித் தரவும்." சவரிமுத்து அவருடைய அப்பா, போன மாதம்தான் அடக்கம் செய்திருந்தோம். எங்கள் நூலக மென்பொருள் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டதால், எல்லாருக்கும் அப்பா பெயரை நிரப்பியவன் நான்தான். நினைவூட்டலை அது அந்தப் பெயருக்கே அனுப்பியிருந்தது.

"இது யாரு வேணும்னாலும் திருத்தலாம்ணே, திறந்த மூல மென்பொருள்தான்," என்றபடி கணினி முன் உட்கார்ந்தார் மழைக்கு ஒதுங்கியவர்.

"நம்ம கம்ப்யூட்டர்ல மட்டும் மாத்துனா போதும்லா," என்றேன்.

"குடும்பப் பேரு இல்லாத நம்மள மாதிரி ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்கண்ணே. அங்கயும் யாராவது அழுவாங்க."

எங்கள் கணினியைச் சரிசெய்தார். அதே திருத்தத்தை அந்த மென்பொருளை உருவாக்குபவர்களுக்கும் அனுப்பினார். மழை விட்டதும் கிளம்பிவிட்டார்.

மென்பொருளின் அடுத்த பதிப்பில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடிந்தது. உதவியவர்களின் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள். அதில் அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. எல்லார் பெயரையும் சரிசெய்துவிட்டுப் போனவரிடம், உங்கள் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.