கல்வெட்டு எழுதிய பதினோரு நாள்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் நானூறு பேரின் பணிப்பதிவேடுகளைக் காத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் கல்வெட்டு. அவர் எழுதினால் எழுதியதுதான். அடுத்த மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவள் நான். மனுஷன் நேர்மையில் நெருப்பு. பக்கத்தில் போனால் சுடும். கமிஷனரின் மைத்துனருக்கே ஒரு நாள் விடுப்பைக் கூட்டிப்போட மாட்டேன் என்றவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பதிவேடுகளுக்குத் துணி உறை தைத்துப் போடுவார். "தாளைக் கொண்டா, எழுதுறேன்." வேதம், சட்டம் எல்லாம் அவருக்கு அதுதான்.

சாக்கடை அடைப்பு எடுக்கும் தொழிலாளி ஒருவர், வெள்ளம் வந்தபோது சுகாதார ஆய்வாளர் வாயால் சொன்னதை நம்பி நகரின் மறுகோடிக்குப் போனார். பதினோரு நாள் வீடு திரும்பாமல் சேறு அள்ளினார். இங்கே வருகைப் பதிவேட்டில் அவருக்கு நேரே காலி. ஆய்வாளர் அனுப்ப வேண்டிய கடிதத்தைக் காணோம். கல்வெட்டு எழுதிவிட்டார்: அனுமதியின்றிப் பணிக்கு வராத நாள்கள், பதினொன்று. விளக்கம் கேட்டு மெமோ தபாலில் போனது. அதை வாங்கிப் படித்தது தொழிலாளியின் மனைவி.

அதன்பிறகு மாதாமாதம் அந்தத் தொழிலாளி வந்து எங்கள் வாசலில் நிற்பார்.

"சார், என்ன தண்டனை வேணா குடுங்க. நான் வேலைக்குத்தான் போனேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எவ வீட்டுல இருந்தேன்னு கேக்கிறா சார். மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறா."

"கடுதாசி எங்கப்பா?"

"அனுப்பிட்டேன்னு அந்த ஐயா அன்னைக்கே சொன்னாரு. இப்ப மாற்றலாகிப் போயிட்டாரு, பதிலே இல்ல."

"வாய்ப்பேச்சை எல்லாம் பதிவேட்டுல ஏத்த முடியுமா?"

நான் கேட்டுக்கொண்டுதான் தட்டச்சு செய்தேன்.

இரண்டு வருடம் வந்தார். மூன்றாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவருடைய பதிவேட்டை முடித்துக் கட்டி வைத்ததும் கல்வெட்டுதான்.

அடுத்த மாதம் இன்னொருவர் ஓய்வு பெற்றார். பதிவேடு எண் 221. அதைப் புரட்டிய கல்வெட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஆய்வாளரின் கடிதம், பதினோரு நாளும் தேதிவாரியாக. மேலே எங்கள் வரவு முத்திரை, கீழே கல்வெட்டின் சுருக்கொப்பம். தொழிலாளியின் பதிவேடு எண் 212. அதற்கு வந்த கடிதத்தை வாங்கி 221இல் செருகியவர் அவரேதான்.

"கிழிச்சுப் போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் கேட்கவில்லை. தவறு என்னுடையது என்று மேலதிகாரிக்கு எழுதி, உத்தரவு வாங்கி, அந்த வரியைத் திருத்தினார். தனக்குக் கிடைத்த கண்டனத்தைத் தன் பதிவேட்டில் தானே ஏற்றினார். பிறகு திருத்திய பக்கத்தின் நகலோடு தொழிலாளியின் வீட்டுக்குக் கிளம்பினார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் கூப்பிட்டார்.

தொழிலாளியின் மனைவி உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. "உங்க வீட்டுக்காரர் பதினோரு நாளும் வேலையிலதாம்மா இருந்தார். தப்பு என்னோடது" என்றார்.

அந்தம்மா நகலை வாங்கி வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாகுற அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இப்பவாவது நம்புடின்னாருங்க. ஆபீசுல பொய்யா எழுதியிருப்பாங்கன்னு கேட்டுட்டு, கையை உதறிட்டேன்."